கழுத்தைப் பார்த்து பெல்ட் வாங்குங்கள்! அஸ்தினாபுரத்தில் ஒரு காலை நடை

குரோம்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து, ராஜேந்திர பிரசாத் சாலையில் கிழக்கே போனால் அஸ்தினாபுரம் வந்துவிடும். பெயர் புராணத்துப் பெயர். ஊர் நேற்றைய ஊர். பல்லாவரம் நகராட்சியில் இருந்த பகுதி, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதற்குள் வந்தது. பக்கத்தில் நெமிலிச்சேரி, சிட்லப்பாக்கம், கொஞ்சம் தள்ளிச் செம்பாக்கம். இந்த மூன்று பெயரோடும் ஓர் ஏரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் அந்த ஏரிகளின் தண்ணீரில் நெல் விளைந்தது. இன்றைக்கு ஏரி இருக்கிறது, ஆயக்கட்டு இல்லை. வரப்பு இருந்த இடமெல்லாம் முப்பதடி, இருபதடித் தெருக்கள்.

காலை ஆறு மணிக்கு அந்தத் தெருக்களில் பால் வண்டியும் வாக்கிங் போகிறவர்களும் வெளியே வரும்போது, கூடவே நாய்களும் வருகின்றன. லாப்ரடார், பக், வெள்ளை முடி பொமரேனியன் என்று பலர் சொல்லும் ஸ்பிட்ஸ், அங்கங்கே ஒரு ராட்வைலர். இவற்றோடு, தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த ராஜபாளையமும் சிப்பிப்பாறையும். தெருவிலேயே பிறந்து, ஏதோ ஒரு வீட்டில் இடம்பிடித்துவிட்ட நாட்டு நாய்களும் இதில் சேர்த்தி.

நாயை யார் கூட்டிப்போகிறார்கள், யாரை நாய் கூட்டிப்போகிறது என்பதைத் தூரத்தில் இருந்தே கண்டுபிடித்துவிடலாம். கயிறு தொய்ந்து இருந்தால் முதல் வகை. கயிறு கம்பிபோல விறைத்து, பிடித்திருப்பவர் உடம்பைப் பின்னால் சாய்த்து நடந்தால் இரண்டாவது வகை. இரண்டாவது வகைதான் அதிகம்.

கிராமத்தில் நாய்க்கு நடை என்று தனியாக ஒன்று கிடையாது. ஆட்டுப் பட்டியோடு போகும், களத்துமேட்டில் படுக்கும், ராத்திரி தோட்டத்தைச் சுற்றிவரும். மகாபாரதத்தின் முடிவில் பாண்டவர்கள் அஸ்தினாபுரத்தை விட்டுக் கிளம்பும்போது ஒரு நாய் பின்னாலேயே போனதாகக் கதை. அதன் கழுத்தில் கயிறு இருந்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனால், பேருந்தும் தண்ணீர் லாரியும் ஓடுகிற இந்த அஸ்தினாபுரத்தில் கயிறு இல்லாமல் ஒரு நாயும் நடக்க முடியாது. கிராமத்திலும் இனி அப்படித்தான். நான்குவழிச் சாலை தோட்டத்தின் ஓரத்துக்கே வந்துவிட்டது. குட்டி வளர்த்து விற்கும் விவசாயிகளின் நாய்களில் கணிசமானவை கடைசியில் போய்ச் சேருவதும் இதுபோன்ற புறநகர்த் தெருக்களுக்குத்தான். அதனால் எந்த நாய்க்கு எந்தப் பட்டை என்பது ஊர்க்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி.

தோல் ஊரில் தோல் பெல்ட்

பெல்ட் பற்றிப் பேச குரோம்பேட்டையை விடப் பொருத்தமான இடம் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் நடத்திய குரோம் லெதர் கம்பெனியால்தான் அந்த ஊருக்கே குரோம்பேட்டை என்று பெயர். குரோமிய உப்பில் தோல் பதனிடுவது அன்றைக்குப் புதுமுறை. அதற்கு முன்பு தமிழ்நாட்டில் தோல் பதனிட்டது பெரும்பாலும் ஆவாரம்பட்டையில். சர்க்கரைக்கு நல்லது என்று இன்று பூவைப் பறிக்கிறோமே, அதே ஆவாரைதான்.

மரப்பட்டையில் பதனிட்ட தோல் பெல்ட் கெட்டியானது, எண்ணெய் விட்டுத் துடைத்தால் பழகப் பழக மெத்தென்று ஆகும். ஆனால் சென்னைப் பக்கத்து ஈரக்காற்றில் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். நனைந்த பெல்ட்டைக் கழற்றாமல் விட்டால் அடியில் தோல் அழற்சி வரும். நைலான் பட்டை விலை குறைவு, துவைத்தால் சீக்கிரம் காயும். ஆனால் மெல்லிய நைலான் இழுக்கும்போது கழுத்தை அறுக்கும். இரும்புச் சங்கிலி வெயிலில் சுடும், கனக்கும். மாட்டுச் சங்கிலியையே நாய்க்கும் போட்டுவிடுவது ஊரில் வழக்கம். நாய் கடித்து அறுக்கும் என்றால் கடைசி ஒரு முழம் மட்டும் சங்கிலியாகவும் மீதி பட்டையாகவும் இருப்பது போதும்.

பொருள் எதுவாக இருந்தாலும், கழுத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். மூன்று விரல் நுழைந்தால் உருவிக்கொள்ளும், ஒரு விரல் என்றால் இறுக்கம்.

இதில் குட்டிகள் தனிக்கதை. இரண்டு மாதக் குட்டிக்கு ஆசையாக ஒரு நைலான் கயிற்றைக் கட்டிவிட்டு மறந்துபோகிறார்கள். குட்டி வாராவாரம் வளர்கிறது, கயிறு வளர்வதில்லை. கழுத்து முடிக்குள் கயிறு மறைந்து, தோலை அறுத்து உள்ளே இறங்கிவிடுகிறது. கெட்ட வாடை வந்த பிறகுதான் தெரியும். அதற்குள் ஈ முட்டையிட்டுப் புழு வைத்திருக்கும். இந்தக் காயத்தை வீட்டில் கயிற்றை வெட்டிச் சரிசெய்யப் பார்க்கக்கூடாது. மருத்துவர் மயக்க ஊசி போட்டு எடுக்க வேண்டியிருக்கும். வாரம் ஒருநாள், குளிப்பாட்டும்போது, பெல்ட்டைக் கழற்றி விரல்விட்டுப் பார்த்தால் இந்தக் கொடுமையே வராது.

தலை சிறுத்த நாய்

தெற்கத்தி நாய்களுக்கு வருவோம். விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமையின் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டிய வம்சம். நீண்ட கால், ஒட்டிய வயிறு, கூர்ந்த முகம். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் மத்திய அரசின் கர்னால் மரபுவள நிறுவனத்தில் இனமாகவே பதிவானவை. ராஜபாளையத்துக்கு 2005-ல் அஞ்சல் தலையே வந்தது.

சிப்பிப்பாறையின் கழுத்தை அளந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். காதுக்குப் பின்னால் தலையின் சுற்றளவும் கழுத்தின் சுற்றளவும் ஏறத்தாழ ஒன்று. லாப்ரடாருக்குத் தலை பெரிது, பெல்ட் காதில் தடுத்து நிற்கும். சிப்பிப்பாறைக்கு அந்தத் தடுப்பு இல்லை. பயந்து பின்னால் ஒரு எட்டு வைத்துத் தலையைக் குனிந்தால் போதும், சாதாரண பெல்ட் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஊரில் உருவிக்கொண்ட நாய் சோளக்காட்டுக்குள் ஓடும், சாயங்காலம் வீட்டுக்கு வரும். ராஜேந்திர பிரசாத் சாலையில் உருவிக்கொண்ட நாய் எங்கே ஓடும்? ஜி.எஸ்.டி. சாலைக்கும் தண்டவாளத்துக்கும்தான். இந்த இனம் ஓடத் தொடங்கினால் மனிதன் துரத்திப் பிடிப்பது நடக்காத காரியம்.

உருவிவிடும் என்று பயந்து பெல்ட்டை இறுக்கிக் கட்டுகிறார்கள். அது மூச்சுக்குழாயை நெரிக்கும். இதற்கென்றே மார்ட்டிங்கேல் என்ற பட்டை இருக்கிறது. பெரிய வளையம் ஒன்று, அதோடு சேர்ந்த சிறிய வளையம் ஒன்று. கயிறு தொய்ந்திருக்கும்போது பட்டை தளர்வாகத் தொங்கும். நாய் பின்வாங்கினால் சிறிய வளையம் இழுபட்டு, கழுத்தின் அளவுக்கு இறுகி நின்றுவிடும், அதற்கு மேல் இறுகாது. சுருக்குக் கயிற்றுக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். சுருக்குக்கு எல்லை கிடையாது. மேல்நாட்டில் கிரேஹவுண்ட் நாய்களுக்கு இதைத்தான் போடுகிறார்கள். அகலம் ஒன்றரை அங்குலமாவது இருக்கட்டும். ஒல்லிக் கழுத்துக்கு ஒல்லிப் பட்டை என்று நினைப்பது தவறு. அகலம் கூடினால்தான் அழுத்தம் பரவும். நடந்து முடித்ததும் இதைக் கழற்றிவிட வேண்டும். மாட்டிக்கொண்டே ஓடி ஆணியிலோ வேலியிலோ சிக்கினால் ஆபத்து.

புதிதாக வீட்டுக்கு வந்த தெருநாய்க்கும் இதே கவனம் தேவை. அதன் கழுத்து பரவாயில்லை, பயம்தான் பெரிது. ஆட்டோ ஹாரன் அடித்தால் பின்னால் துள்ளும். முதல் சில மாதங்களுக்கு ஒரு கழுத்துப் பட்டை, ஒரு பாடி பெல்ட், இரண்டிலும் தனித்தனிக் கொக்கி என்று போட்டு நடத்தினால் ஒன்று விட்டாலும் இன்னொன்று பிடிக்கும்.

நுகத்தடியும் பாடி பெல்ட்டும்

ஹார்னஸ் என்பதைக் கடைகளில் பாடி பெல்ட் என்கிறார்கள். மார்பையும் முதுகையும் சுற்றி வரும். கழுத்தில் பாரம் விழாது என்பதால் நல்லது என்று வாங்கிப் போட்டவர்கள், நாய் முன்பைவிட அதிகமாக இழுக்கிறதே என்று குழம்பிப்போகிறார்கள். ஏர் ஓட்டியவருக்கு இதில் குழப்பமே இல்லை. கழுத்தில் சுருக்குப் போட்டு மாட்டை உழச்சொன்னால் உழுமா? பாரம் தாங்குகிற இடத்தில் நுகத்தடி வைத்தால்தான் மாடு முழு பலத்தோடு இழுக்கும். முதுகில் வளையம் வைத்த பாடி பெல்ட்டும் அதே வேலையைச் செய்கிறது. பனிப்பிரதேசத்தில் சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களுக்கு மாட்டுவதும் இதே வகைதான்.

இழுக்கிற லாப்ரடாருக்கு வளையம் நெஞ்சில் இருக்க வேண்டும். அது முன்னால் பாய்ந்தால் கயிறு அதன் உடம்பைப் பக்கவாட்டில் நம் பக்கம் திருப்பிவிடும். வலி இல்லை, ஆனால் போக நினைத்த இடத்துக்குப் போக முடியவில்லை. மூக்கணாங்கயிற்றின் தத்துவத்துக்குப் பக்கத்தில் வருவது இன்னொன்று: மூக்கின் மேலும் பிடரியிலும் சுற்றி வரும் தலைப்பட்டை. மூக்கு எங்கே திரும்புகிறதோ அங்கே உடம்பும் திரும்பும். பிடிப்பவருக்கு பலம் இல்லை, நாய் பெரிது என்றால் இது உதவும். வீட்டில் உள்ள வயதானவர்கள் நாயைக் கூட்டிப்போவதாக இருந்தால் யோசிக்கலாம். ஆனால் பழக்காமல் திடீரென்று மாட்டினால் நாய் காலால் பிய்க்கும்; வெடுக்கென்று இழுத்தால் கழுத்து எலும்புக்குக் கேடு.

முதுகு வளையம் வைத்த பாடி பெல்ட் யாருக்கு? பக் நாய்க்கும் ஸ்பிட்ஸுக்கும். பக் நாய்க்கு மூக்கே இல்லை, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குகிறது. அதன் கழுத்தில் பெல்ட் போட்டு இழுப்பது பாவம். கண் பிதுங்கிய இனம் வேறு. கழுத்துப் பட்டையில் இழுபடும்போது நாயின் கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது, ஹார்னஸில் கூடுவதில்லை என்று 2006-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்தே காட்டியது. ஸ்பிட்ஸ் போன்ற சிறிய நாய்களுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும் நோய் வருவதுண்டு. வாத்து கத்துவதுபோல இருமினால் கழுத்துப் பட்டையை அன்றைக்கே கழற்றிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ட்ரென்ட் பல்கலைக்கழகத்தினர் செயற்கைக் கழுத்து ஒன்றில் பலவகைப் பட்டைகளை மாட்டி இழுத்துப் பார்த்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். இழுக்கும் நாய்க்கு ஆபத்தே இல்லாத கழுத்துப் பட்டை என்று ஒன்றைக்கூட அவர்களால் காட்ட முடியவில்லை. பட்டை எதுவானாலும், இழுக்காமல் நடக்கக் கற்றுக்கொடுப்பது தனி வேலை.

அந்த வேலை ஒன்றும் வித்தை இல்லை. கயிறு ஐந்தடி, ஆறடி இருக்கட்டும். நாய் இழுத்ததும் நடப்பவர் நின்றுவிட வேண்டும். திட்ட வேண்டாம், இழுக்க வேண்டாம். நாய் திரும்பிப் பார்த்துக் கயிறு தொய்ந்ததும் நடக்கலாம். பக்கத்தில் வந்து நடந்தால் ஒரு துண்டு கருவாடோ வேகவைத்த கோழியோ கொடுக்கலாம். இழுத்தால் ஊர் நகராது, இழுக்காவிட்டால் நகரும் என்று நாய்க்குப் புரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம். முதல் வாரம் நூறடி போவதற்கே கால்மணி நேரம் ஆகும். இந்த இடத்தில்தான் பலரும் பொறுமை இழந்து சோக் செயின் வாங்கப் போகிறார்கள்.

முள் உள்ளேயா, வெளியேயா

சோக் செயின் என்பது சுருக்குக் கண்ணிதான். இழுக்க இழுக்க இறுகும். வலியால் நாய் நிற்கும் என்பது கணக்கு. சில நாய் நிற்கும், முரட்டு நாய் வலியோடு சேர்ந்தே இழுக்கப் பழகிவிடும். அதைவிட மோசம், சோக் செயினோடு நாயைக் கட்டிப்போட்டுவிட்டு வயலுக்குப் போவது. திண்ணையிலிருந்தோ சுவரிலிருந்தோ எகிறிக் குதித்தால் தூக்கில் தொங்கியதுபோல ஆகிவிடும்.

உள்பக்கம் முள் வைத்த இரும்புப் பட்டையும் விற்கிறார்கள். இமயமலை ஆட்டிடையர்களின் நாய்களுக்கும் முள் பட்டை உண்டு. ஆனால் அங்கே முள் வெளியே பார்த்திருக்கும், சிறுத்தை கழுத்தைக் கவ்வாமல் இருக்க. அந்த இடையர் நாயைக் காப்பாற்ற முள் வைத்தார். முள்ளை உள்ளே திருப்பியது பிற்பாடு வந்த புத்தி.

ஷாக் அடிக்கும் மின்பட்டையும் ஆன்லைனில் கிடைக்கிறது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2010-லேயே இதைத் தடை செய்துவிட்டார்கள். இதில் இரக்கத்தைத் தாண்டி ஒரு நடைமுறை ஆபத்து இருக்கிறது. எதிரே சைக்கிளில் வரும் சிறுவனைப் பார்த்து நாய் குரைக்கிறது, பட்டனை அமுக்குகிறோம், வலிக்கிறது. நம் கையில் பட்டன் இருப்பது நாய்க்குத் தெரியாது. சைக்கிள் சிறுவன் வந்தால் வலிக்கும் என்றுதான் அது பாடம் படிக்கும். அடுத்தமுறை குரைப்பதற்குப் பதில் கடிக்கும்.

வெள்ளை ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. 'கூப்பிட்டால் மதிப்பதில்லை, திமிர் பிடித்த நாய்' என்று அடி வாங்குவதில் சில உண்மையில் செவிட்டு நாய்கள். குட்டி வாங்கும்போது, அது தூங்கும் நேரத்தில் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பாருங்கள். தரை அதிராமல், காற்றுப் படாமல் தட்ட வேண்டும். மற்ற குட்டிகள் எழுந்து இது மட்டும் எழாவிட்டால் சந்தேகப்படலாம். அந்த நாய்க்குக் கைச்சாடையில் பழக்கலாம், நன்றாகவே பழகும். ஆனால் கயிறில்லாமல் ஒருநாளும் வெளியே விடக்கூடாது. ஹாரன் அதற்குக் கேட்காது.

வாய்க்கூடு

2024 மே மாதம் சென்னையில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய பிறகு, பெரிய நாய் வைத்திருப்பவர்களை அக்கம்பக்கத்தார் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. மாறியதில் தப்பும் இல்லை. குழந்தைகள் விளையாடும் தெருவில், ஆளைத் தள்ளிவிடும் பலமுள்ள நாயை வாய்க்கூடு இல்லாமல் கூட்டிவருவது வீரம் ஆகாது.

ஆனால் வாய்க்கூட்டிலும் தேர்வு இருக்கிறது. துணியில் தைத்து வாயை இறுக்கிக் கட்டும் வகை, மருத்துவமனையில் ஊசி போடும் ஐந்து நிமிடத்துக்கானது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, வாயைத் திறந்து நாக்கைத் தொங்கப் போட்டுத்தான் சூட்டைத் தணிக்கும். வாயைக் கட்டி மே மாதத்துத் தாம்பரம் வெயிலில் நடத்தினால் வெப்பத்தாக்கில் நாயே செத்துப்போகலாம். கூடை மாதிரி இருக்கும் வகையில் வாய் திறக்க முடியும், தண்ணீர் குடிக்க முடியும், கடிக்க மட்டும் முடியாது. கன்றுக்குட்டிக்குப் போடும் வாய்க்கூட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

கட்டிப்போட்ட நாய் பற்றிச் சட்டமும் பேசுகிறது. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில், மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நடை கொடுக்காமல் விடுவதும் தனியாகவே ஒரு குற்றம். முதல்முறைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. 1960-ல் அது பெரிய பணம். நாள் முழுக்கக் கட்டிக்கிடக்கும் நாய்தான் அவிழ்த்துவிட்டதும் ஆட்டுக்குட்டியையும் கோழியையும் துரத்துகிறது என்பதை வளர்ப்பவர்கள் அபராதம் இல்லாமலே அறிவார்கள். ஓடுகிற நாயை நிறுத்த மாட்டுக்குக் கட்டுவதுபோலக் கழுத்தில் கட்டை தொங்கவிடுவதும் சில ஊர்களில் உண்டு. முட்டியில் இடித்து இடித்து வீங்குவதுதான் மிச்சம். காலையும் மாலையும் அரைமணி நேரம் பத்தடிக் கயிற்றில் தோட்டத்தைச் சுற்றி நடத்தினால் பாதிக் குறும்பு அடங்கும்.

வெயில் ஏறுவதற்குள் அஸ்தினாபுரத்துத் தெருக்களில் நடை முடிந்துவிடுகிறது. எட்டரை மணிக்கு மேல் தார்ச்சாலை சுட ஆரம்பிக்கும். புறங்கையைச் சாலையில் ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. மாலையில் ஆறு மணிக்கு மேல் மறுபடி கிளம்புவார்கள். தீபாவளி வாரத்தில் மட்டும் இந்த நேரம் ஆகாது. முதல் வெடி வெடிப்பதற்குள், நான்கு மணிக்கே வெளியே கூட்டிப்போய் வந்துவிட வேண்டும். அன்றைக்குச் சிப்பிப்பாறைக்கு மார்ட்டிங்கேலோடு பாடி பெல்ட்டும் சேர்த்தே போடலாம். கழுத்துப் பட்டையில் வீட்டுக்காரரின் போன் நம்பரைச் சின்னத் தகட்டில் பொறித்துத் தைத்துவிட்டால், தப்பி ஓடினாலும் யாராவது கூப்பிடுவார்கள். குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் சாவி செய்கிறவரிடமோ பெயர்ப்பலகை வெட்டுகிறவரிடமோ கேட்டால் தகட்டில் எண் பொறித்துத் தருவார்.